உடல் அறியாத அளவு

நம்முடைய சரீரம் தனக்கு நேரும் தீங்குகளுள் மிகப் பலவற்றை அவை நேரும்போதே உணர்ந்து விலகிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. நெருப்பு தோலைச் சுட்டு நம்மைப் பின்வாங்கச் செய்கிறது. கெட்டுப்போன உணவை நாவுக்கு முன்னரே மூக்கு கண்டுகொள்கிறது. கண் கூசும் வெளிச்சத்தில் இமைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆனால் எக்ஸ் கதிர்களும், கதிரியக்கப் பொருள்களிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா, பீட்டா, காமாக் கதிர்களும் உடலைத் தாக்கும் வேளையில், ஐம்புலன்களில் ஒன்றும் அதை அறிவதில்லை. ஓர் உயிரைப் பறிக்கப் போதுமான கதிர்வீச்சு ஒருவர்மேல் பாய்ந்து முடிந்த பின்னரும், அவர் யாதொரு வலியுமின்றி வீட்டுக்கு நடந்து போகக்கூடும். சில மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கும்போது, அதைக் காலையில் உண்ட உணவின் குற்றம் என்றே எண்ணவும் கூடும்.

இந்த மௌனத்தின் காரணத்தை அறிய ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். உடல் முழுவதும் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 4 கிரே அளவு கதிர்வீச்சைப் பெற்றவர்களில், தக்க சிகிச்சை கிடைக்காவிட்டால், பாதிப்பேர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துபோவர் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட முடிவு. ஒரு கிரே என்பது ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் சக்தி படிவதைக் குறிக்கும். ஆகவே, அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கொல்லக்கூடிய அந்தக் கதிர்வீச்சு அவருடைய உடலில் சேர்த்த மொத்தச் சக்தி 240 ஜூல் மட்டுமே. அது ஒரு தேக்கரண்டி சூடான காப்பியை விழுங்குவதால் உடலில் சேரும் வெப்பத்தைக் காட்டிலும் குறைவு. உடலின் உஷ்ணத்தை அது ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்த்தும். எந்த வைத்தியருடைய உஷ்ணமானியும் அதைக் காட்டாது.

அத்தனை சொற்பமான சக்தி இத்தனை பெரிய நாசத்தை விளைவிப்பது அது செலுத்தப்படும் விதத்தினால். காப்பியின் வெப்பம் எண்ணற்ற மூலக்கூறுகளுக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றையும் சிறிதே அசைத்துவிட்டு அடங்கிவிடுகிறது. கதிர்வீச்சோ தன் சக்தியை ஆங்காங்கே குவித்துச் செலுத்துகிறது. அது செல்லும் தடத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. உயிரணுக்களில் நிறைந்திருக்கும் நீரின் மூலக்கூறுகள் உடைந்து, எதனோடும் உடனே வினை புரியத் துடிக்கும் துணுக்குகளாக மாறுகின்றன. கதிரும் அத்துணுக்குகளும் சேர்ந்து, உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளைத் தாக்குகின்றன. இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால், மற்றதை மாதிரியாகக் கொண்டு உயிரணு தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்துபோனால் அந்தத் திருத்தம் எளிதன்று. உயிரணு மடியலாம், அல்லது தவறாக ஒட்டப்பட்ட இழையோடு உயிர் பிழைத்து, அத்தவற்றைத் தன் சந்ததிக்கெல்லாம் வழங்கலாம். பிந்தியதே பெரும்பாலும் அதிக அபாயமுடையது.

உடலுக்கு இந்த விஷயத்தில் புலன் இல்லாதபடியால், புலனுக்குப் பதிலாக மனிதன் அளவைகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அளவைகள் பௌதிக ஆராய்ச்சிச் சாலைகளில் மட்டும் பிறக்கவில்லை. நோயுற்றவர்களின் உடல்களிலிருந்தே அவற்றுள் பல கற்றுக்கொள்ளப்பட்டன. இன்று ஒரு மருத்துவமனைச் சுவரில் நாம் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகும் வரம்பு எண் ஒவ்வொன்றிலும், இயற்கையின் உண்மை ஒரு பகுதியும், அந்த உண்மையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று மனிதர் செய்த தீர்ப்பு ஒரு பகுதியுமாகக் கலந்து நிற்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய வாசகருக்கு உதவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8-ஆம் தேதி ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். சில மாதங்களுக்குள் அவை உலகெங்கும் மருத்துவர்களின் அறைகளில் குடியேறிவிட்டன. கதிர்களை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய் அன்றன்றைக்கு ஒரு குணம் கொண்டதாய் இருந்தமையால், நோயாளியை நிறுத்துமுன், மருத்துவர் தம்முடைய கையையே குழாயின்முன் நீட்டி, எலும்புகள் தெளிவாய்த் தெரிகின்றனவா என்று பரீட்சித்துப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. தினந்தோறும் பலமுறை நீட்டப்பட்ட அந்தக் கைகள் முதலில் சிவந்தன. பிறகு நகங்கள் உதிர்ந்தன. ஆண்டுகள் சென்றபின் ஆறாத புண்களும், புண்களில் புற்றுநோயும் தோன்றின. அமெரிக்காவில் எடிசனுடைய உதவியாளராய் இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர், விரல்களும் பிறகு கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியெடுக்கப்பட்ட பின்னும் நோய் நில்லாமல், 1904-இல் இறந்தார். அவருக்கு நேர்ந்ததைக் கண்டு எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியைக் கைவிட்டார். ஹாம்பர்க் நகரின் மருத்துவமனை ஒன்றில் 1936-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுக் கல்லில், பல நாடுகளைச் சேர்ந்த இத்தகையோர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோருடைய பெயர்கள் முதலிலேயே பொறிக்கப்பட்டன; பின்னர் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

அக்காலத்தில் அளவு என்று பெரும்பாலும் கொள்ளப்பட்டது மனிதத் தோலே. தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்வீச்சு எவ்வளவோ அவ்வளவு ஒரு மாத்திரை என்று கொண்டார்கள். இந்த அளவுகோலின் குறை வெளிப்படை: ஒருவருடைய தோல் சிவக்குமிடத்தில் மற்றொருவருடையது சிவப்பதில்லை, சிவப்பதும் உடனே அன்று, நாட்கள் கழித்து, கருத்த மேனியில் அது கண்ணுக்கே புலப்படாமலும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தீங்கு நடந்து முடிந்த பின்னரே அந்த அளவுகோல் பேசும். எனினும், வேறு வழியின்மையால், முதல் பாதுகாப்பு வரம்பு இதன்மேலேயே கட்டப்பட்டது. ஆர்தர் மட்ஷெல்லர் என்ற விஞ்ஞானி 1925-இல், நன்றாக நடத்தப்பட்ட சில எக்ஸ் கதிர் நிலையங்களில் வேலை செய்து ஆரோக்கியமாய் இருந்தவர்கள் பெற்ற அளவைக் கணக்கிட்டு, ஒரு மாத காலத்தில் தோலைச் சிவக்கச் செய்யும் மாத்திரையின் நூறில் ஒரு பங்கை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை கூறினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, தோலை விட்டுக் காற்றுக்கு மாறியது: கதிர்வீச்சு காற்றில் எவ்வளவு மின்னேற்றத்தை உண்டாக்குகிறது என்பதைக் கொண்டு ராண்ட்கன் என்ற அலகு வகுக்கப்பட்டது. உலகம் ஒப்புக்கொண்ட அளவை மனித உடலிலிருந்து கருவிக்கு நகர்ந்தது அப்போதுதான்.

ஆனால் கருவி உடலுக்கு வெளியே நிற்கும் கதிரைத்தான் அளக்கும். கதிரை உண்டாக்கும் பொருளே உடலுக்குள் புகுந்து குடியிருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியைக் கேட்கும்படி உலகத்தை நிர்ப்பந்தித்தவர்கள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், ஆரஞ்சு என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையில் கடிகார முகங்களுக்கு வர்ணம் தீட்டிய இளம் பெண்கள். முதல் மகாயுத்த காலத்தில் தொடங்கிய அத்தொழிலில், இருட்டிலும் எண்கள் ஒளிரும்பொருட்டு, ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த குழம்பால் அவை எழுதப்பட்டன. எழுத்து மெல்லியதாய் அமைய வேண்டித் தூரிகையின் நுனியை உதடுகளுக்கிடையே வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அணுவளவு ரேடியம் வயிற்றுக்குள் சென்றது. ரேடியம் இரசாயன குணத்தில் கால்சியத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆதலால் உடல் அதை எலும்புக்கு வேண்டிய சுண்ணம் என்றே மயங்கி எலும்பில் சேர்த்துவைத்தது. அங்கிருந்து வெளிப்படும் ஆல்ஃபாத் துகள்கள் ஒரு காகிதத் தாளைக்கூடத் துளைக்க இயலாதவை. வெளியே இருந்தால் தோலின் மேற்படலமே அவற்றைத் தடுத்துவிடும். எலும்பினுள்ளே இருந்தபோது, அவற்றின் சக்தி முழுவதும் பக்கத்திலிருந்த உயிரணுக்களிலேயே இறங்கியது.

பற்கள் ஆடி விழுந்தன. பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை. தாடை எலும்பு அழுகிக் கையோடு வந்தது. ஒரு பெண்ணின் மரணத்துக்கு மேகநோயே காரணம் என்று சான்றிதழ் எழுதப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து 1927-இல் அவருடைய சடலத்தைத் தோண்டியெடுத்துச் சோதித்தபோது, எலும்புகள் கதிரியக்கம் உடையனவாய் இருந்தன. அந்த வட்டாரத்தின் மருத்துவ விசாரணை அதிகாரியான ஹாரிசன் மார்ட்லண்ட், நோயுற்ற பெண்களின் மூச்சைச் சேகரித்து மின்காட்டியில் செலுத்திப் பார்த்தார். ரேடியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் வாயு அவர்கள் மூச்சிலேயே வந்துகொண்டிருந்தது. 1925-இல் அவர் தம் சகாக்களுடன் வெளியிட்ட கட்டுரை, தொழில் நோய்களின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். நீதிமன்றம் ஏறிய ஐந்து பெண்களுக்கு 1928-இல் ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும் ஆண்டு உபகாரத் தொகையும் தருவதாக வழக்கு சமரசமாயிற்று. பணம் அவர்களை அதிக காலம் வாழ்விக்கவில்லை. அந்தக் குழம்பைக் கண்டுபிடித்த டாக்டர் சோகாட்ஸ்கியும் அதே ஆண்டில், ரத்தம் ஊறும் சக்தியை இழந்து, அதே விஷத்துக்கு இரையானார்.

மாசசூஸெட்ஸ் தொழில் நுணுக்கக் கழகத்தைச் சேர்ந்த ராப்லி எவன்ஸ் என்ற இளம் பௌதிகர், உயிரோடிருந்தவர்களின் உடலில் எவ்வளவு ரேடியம் தங்கியிருக்கிறது என்பதை, உடலை ஊடுருவி வெளிவரும் காமாக் கதிர்களையும் மூச்சிலுள்ள ரேடானையும் கொண்டு அளக்கும் முறையை வகுத்தார். இருபத்தேழு பேருடைய அளவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று ரேடியத்தை நிறுத்தால், அதில் பாதிக்கும் குறைவாகத் தாங்கியவர்களிடம் நோயின் அறிகுறி காணப்படவில்லை. வரம்பை வகுக்கக் கூடிய குழுவில், அதற்கும் கீழே எங்கே கோடு கிழிப்பது என்ற கேள்வி எழுந்தது. உங்கள் மனைவியோ மகளோ அந்த அளவைத் தம் உடலில் சுமக்க நேர்ந்தால் எந்த அளவில் உங்கள் மனம் அமைதியாய் இருக்கும் என்று ஆராய்ந்து, பத்து லட்சத்தில் ஒரு பங்கில் பத்தில் ஒன்று என்று 1941-இல் முடிவு செய்தார்கள் என எவன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இந்த வரலாறு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. விஞ்ஞானம் அவர்களை ஓர் எல்லைவரை அழைத்துச் சென்றது. அதற்கப்பால் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதை, தம் வீட்டாரை மனத்தில் நிறுத்திக்கொண்டு அவர்களே நிச்சயிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு நிச்சயித்ததை மறைக்கவும் இல்லை.

ரேடியம் கற்பித்த பாடம் அலகுகளின் அமைப்பையே மாற்றியது. திசுவில் படியும் சக்தியை மட்டும் அளப்பது போதாது, அது எவ்வகைக் கதிரால் படிந்தது என்பதும் முக்கியம் என்று தெளிவாயிற்று. இங்கிலாந்தில் லூயி ஹெரால்டு கிரே என்பவர், அவரைச் செடிகளின் வேர் நுனிகளில் நியூட்ரான்களைச் செலுத்திப் பரிசோதித்து, ஒரே அளவு சக்தியானாலும் நியூட்ரான்கள் காமாக் கதிர்களைவிடப் பன்மடங்கு வளர்ச்சியைக் கெடுப்பதைக் கண்டார். படிந்த சக்தியின் அலகுக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. அந்தச் சக்தியைக் கதிரின் கொடுமைக்கேற்பப் பெருக்கிக் காணும் அளவுக்கு, ஸ்வீடன் நாட்டில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குத் தம் ஆயுளை அர்ப்பணித்த ரால்ஃப் சீவர்ட்டின் பெயரை இட்டிருக்கிறார்கள். எக்ஸ் கதிர், காமா, பீட்டா ஆகியவற்றுக்குப் பெருக்கும் எண் ஒன்று, ஆல்ஃபாவுக்கு இருபது. இதன் மேல் இன்னொரு பெருக்கலும் உண்டு. உடலின் உறுப்புகள் யாவும் கதிர்வீச்சுக்கு ஒரே விதமாய் ஆட்படுவதில்லை; எலும்பு மஜ்ஜை, நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், மார்பகம் ஆகியவை எளிதில் கெடுவன; தைராய்டு அவற்றைவிடக் குறைந்த பங்கு பெறுகிறது; தோலும் எலும்பின் மேற்பரப்பும் இன்னும் குறைந்த பங்கே பெறுகின்றன. முன்சொன்ன ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01 என்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பங்கு வகுத்திருக்கிறது. இந்த எண்களை இயற்கை கல்லில் எழுதித் தரவில்லை; ஆராய்ச்சிகள் பெருகப் பெருக ஆணையம் இவற்றை மாற்றியே வந்திருக்கிறது, மார்பகத்தின் பங்கு 2007-இல் 0.05-லிருந்து 0.12-ஆக உயர்ந்தது. ஆகவே கிரே ஒரு பௌதிக அளவு. சீவர்ட் ஒரு பௌதிக அளவின்மேல் ஏற்றப்பட்ட அபாய மதிப்பீடு. செய்தித்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுவது பெருங்குழப்பத்துக்கு இடமாகிறது.

இனி, தீங்கின் வகைகள். முதல் வகை, அளவு ஓர் எல்லையைக் கடந்தால் நிச்சயமாய் நேர்வது: ஏறத்தாழ 1 கிரேயில் வாந்தியும், அதற்கு மேல் எலும்பு மஜ்ஜை அழிவும், இன்னும் மிகுந்தால் குடலின் உட்படலம் அழிந்து மீளா நிலையும் உண்டாகும். இங்கே அளவு கூடக் கூட நோயின் கடுமையும் கூடும். கருவி இல்லாத இடத்தில் இத்தகைய விபத்து நேர்ந்தால் இரத்தமே சாட்சி சொல்லும். வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டு, ஒரு மையம் இருக்க வேண்டியதற்கு இரண்டு மையங்களுடன் தென்படும், அவற்றை நுண்ணோக்கியில் எண்ணிப் பெற்ற அளவை மதிப்பிடலாம். 2010-இல் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, ஏலத்தில் விற்கப்பட்ட ஆராய்ச்சிக் கருவி ஒன்றோடு கோபால்ட்-60 வந்து சேர்ந்தது. அது இன்னதென்று அறியாமல் உடைத்துப் பிரித்த தொழிலாளர்கள் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அந்தச் சந்தையில் எச்சரிக்கும் கருவி ஒன்றாவது இருந்திருக்குமாயின் அந்த உயிர் போயிராது என்று எண்ணும்போது மனம் வேகிறது.

இரண்டாம் வகைத் தீங்கு இதற்கு மாறானது. அது புற்றுநோய். அதில் அளவு கூடினால் நோயின் கடுமை கூடுவதில்லை. நோய் வரும் வாய்ப்பே கூடுகிறது. வந்த நோயிலும், கதிர்வீச்சால் வந்தது இது என்று காட்டும் அடையாளம் ஏதும் இல்லை. எத்தனை தேர்ந்த மருத்துவரானாலும் ஒரு நோயாளியைப் பார்த்து இவருக்கு வந்தது இதனால்தான் என்று சொல்ல முடியாது. பெருங்கூட்டத்தைப் பல்லாண்டு தொடர்ந்து எண்ணிப் பார்த்தால்தான், எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் அதிகம் என்று தெரியவரும். அந்த எண்ணிக்கைக்கு மனித குலம் கொடுத்த விலை ஹிரோஷிமாவும் நாகசாகியும்.

அவ்விரு நகரங்களில் உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 94,000 பேரையும், குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாத சுமார் 26,000 பேரையும் சேர்த்து, 1950 முதல் இன்றளவும் ஓர் ஆராய்ச்சி தொடர்ந்து நடந்துவருகிறது. ஒவ்வொருவரும் எந்த வயதில், எந்த நோயால் இறந்தார் என்பது பதிவாகிறது. ஆனால் அவர் பெற்ற அளவு எவ்வளவு? 1945 ஆகஸ்டில் அந்த வீதிகளில் எவரும் கருவி கட்டிக்கொண்டு நிற்கவில்லை. எனவே ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று, அந்தக் கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்தத் திசையை நோக்கியிருந்தீர்கள், உட்கார்ந்திருந்தீர்களா, நின்றுகொண்டிருந்தீர்களா, கூரைக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை சுவர் என்றெல்லாம் கேட்டு, வீட்டின் படத்தை வரைந்தார்கள். மரமும் மண்ணும் ஓடும் கொண்ட ஜப்பானிய வீடு கதிர்களை எவ்வளவு தடுக்கும் என்று அறியும்பொருட்டு, 1962-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 465 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்றை எழுப்பி, அதன்மேல் மறைப்பில்லாத அணு உலையை ஏற்றி, கீழே ஜப்பானிய முறையில் வீடுகளைக் கட்டி, அவற்றுள் அளந்து பார்த்தார்கள். நகரங்களிலோ, வீடுகளின் ஓடுகளும் செங்கற்களும் தம்மையறியாமலே அளவைக் கருவிகளாய் இருந்தன: அவற்றிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கதிர்வீச்சின் சக்தியைப் பல்லாண்டு சேமித்து வைத்து, சூடேற்றினால் அதை ஒளியாக விடுவிக்கும், அந்த ஒளியின் அளவிலிருந்து அன்று பாய்ந்த காமாக் கதிர்களின் அளவு தெரியவந்தது. நியூட்ரான்கள் செம்புப் பொருள்களில் உண்டாக்கிய நிக்கல்-63-ஐ அரை நூற்றாண்டுக்குப் பின் எண்ணி, அவற்றின் கணக்கையும் நேர்செய்தார்கள். இத்தனையும் சேர்ந்து 2002-இல் முடிவான கணக்கின்படி, ஹிரோஷிமாவில் குண்டுக்கு நேர்கீழிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் திறந்த வெளியில் இருந்த அளவு ஏறத்தாழ 4 கிரே. இரண்டு கிலோமீட்டரில் அது 0.1 கிரேக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கு கூறும் முடிவுகளைத் தெளிவாய் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரத்தப் புற்றுநோய் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மிகுந்து, ஆறு முதல் எட்டாண்டுகளில் உச்சத்தை அடைந்து, பின்னர் தணிந்தது, 0.005 கிரேக்கு மேல் பெற்றவர்களில் 2000-ஆம் ஆண்டுவரை அந்நோயால் இறந்த 204 பேரில் 94 பேர் குண்டின் காரணமாக இறந்த அதிகப்படியினர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மற்ற உறுப்புகளின் புற்றுநோய் பத்தாண்டுக்குப் பின்னரே தலைகாட்டி, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அதே பிரிவினரிடையே 1998 வரை கண்ட 7,851 நோய்களில் ஏறத்தாழ 848 அதிகப்படி, அதாவது பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். சிறு வயதில் கதிர்பட்டவர்களுக்கு அபாயம் மிகுதி. குண்டுக்குப் பின் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் பரம்பரைக் கேடு ஏதும் இதுவரை புலப்படவில்லை. அந்தப் பிள்ளைகளை மணம் செய்துகொள்ள அஞ்சி ஒதுக்கிய சமூகத்தின் கொடுமையைப் பார்க்கும்போது, இந்த ஒரு முடிவை உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மிகுந்த அளவில் கண்ட இந்த அபாயத்தை நாம் அன்றாடம் பெறும் சொற்ப அளவுகளுக்கும் அதே விகிதத்தில் நீட்டிப் பார்க்கலாமா என்பதுதான் இத்துறையின் தீராத விவாதம். உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். அதில் ஏறக்குறைய பாதி, மண்ணிலிருந்து எழும் ரேடான் வாயுவால். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கடற்கரைகளிலும் இந்த அளவு இன்னும் மிகுதி. அங்கே அலைகள் ஒதுக்கும் கருமணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கலந்திருக்கிறது. ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிச் சென்ற அந்த மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயனி மணவாளக்குறிச்சி மணலின் பெருமையை அறிந்தார். அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. கருநாகப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாக அந்த மணலின்மேல் வாழ்ந்துவரும் மக்களில் 69,958 பேரைத் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1,379 புற்றுநோய்களைக் கண்டு, வீட்டு உள்ளும் புறமும் அளந்த அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, 2009-இல் முடிவை வெளியிட்டது. மொத்தத்தில் 600 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் அளவு கூடியதற்கேற்ப நோய் கூடியதாகத் தெரியவில்லை.

இதைக்கொண்டு சொற்பக் கதிர்வீச்சு தீங்கற்றது என்று முரசறைவாரும் உண்டு. அவ்வாறு சொல்ல இந்த ஆராய்ச்சி இடம் தரவில்லை. கணக்கின் நிச்சயமின்மை விரிந்தது. அதன் மேல் எல்லை, ஜப்பானில் கண்ட அபாயத்தை அநேகமாகத் தொடுகிறது. சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் பெறும் கதிர்வீச்சை, ஒரே கணத்தில் பெற்றதைவிட உடல் நன்றாகத் திருத்திக்கொள்கிறது என்ற ஊகத்துக்கு அது துணை நிற்கிறது, அவ்வளவே. மறுபக்கத்தில், இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் குழந்தைகளை இழந்த தாய்மாரிடம் கேட்டறிந்து, கர்ப்ப காலத்தில் வயிற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு அந்நோய் வருவது ஏறத்தாழ இரு மடங்கு என்று 1956-இல் அறிவித்தார். அன்றைய பெரியோர்கள் நம்ப மறுத்தார்கள். தாய்மாரின் ஞாபகம் சான்றாகுமா என்றார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியும் பின்னர் அதே திசையைக் காட்டியது. கருவிலிருந்த சிசு பெற்ற அளவோ சுமார் 10 மில்லிசீவர்ட்தான்.

இவ்விரு சான்றுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சொற்ப அளவிலும் அபாயம் விகிதப்படியே உண்டு என்று பாதுகாப்பின் பொருட்டு வைத்துக்கொள்வோம் என்று ஆணையங்கள் தீர்மானித்திருக்கின்றன. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஏனெனில், தவறாயின் அத்தவற்றால் வீணாவது ஓரளவு செலவும் சிரமமும் மட்டுமே, எதிர்ப்புறம் தவறினால் இழப்பது குழந்தைகளை. இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓராண்டிலும் 30-ஐ மீறக்கூடாது என்றும், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 என்றும் வரம்பு இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் ஈய அங்கிக்குள் மார்பில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜில், டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் மூன்று, மூன்று விதமான மறைப்புகளின் கீழ் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவை சூடேற்றிப் படிக்கப்பட்டு, அந்தத் தொழிலாளரின் கணக்கில் அவர் ஆயுள்வரை சேர்த்து எழுதப்படுகின்றன. அந்த வில்லை செய்வது ஹிரோஷிமாவின் ஓடு செய்த அதே வேலை.

நோயாளிக்கு அத்தகைய கணக்குப் புத்தகம் கிடையாது. அவருக்கு வரம்பும் இல்லை. இருக்கவும் கூடாது, ஏனெனில் உயிர் காக்கும் பரிசோதனையை எண்ணைக் காட்டி மறுப்பது அறிவன்று. ஆனால் மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போவதில்லை, மார்பின் சி.டி. ஸ்கேன் ஒன்றோ ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட் என்னும்போது, ஆண்டுக்கு மூன்று ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் தொழிலாளரின் வரம்பையே தாண்டிவிட்டதை அவரும் அறியார், அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் மருத்துவரும் அறியார். பிரிட்டனில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1,80,000 இளையோரைத் தொடர்ந்து, 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பதினாயிரம் தலை ஸ்கேன்களுக்கு அடுத்த பத்தாண்டுகளில் ஒரு இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் அதிகமாக உண்டாகும் என்று மதிப்பிட்டது. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு இது அஞ்சத்தக்க எண் அன்று. சாதாரணத் தலைவலிக்கு ஸ்கேன் கேட்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சி.டி. இயந்திரமும் பரிசோதனை முடிந்ததும் தான் செலுத்திய அளவைத் திரையில் தானே காட்டுகிறது, டி.எல்.பி. என்று குறிக்கப்படும் அந்த எண்ணை அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பெரியவர்களுக்கு, தலை ஸ்கேனானால் அந்த எண்ணை 0.0021-ஆலும், மார்பானால் 0.014-ஆலும், வயிறும் இடுப்புமானால் 0.015-ஆலும் பெருக்கினால், பெற்ற அளவு மில்லிசீவர்ட்டில் ஏறக்குறைய கிடைத்துவிடும்: வயிற்று ஸ்கேனில் திரை 500 என்று காட்டினால் அது 7.5 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து மூன்றாண்டுகளில் பெறுவது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தலை ஸ்கேனின் பெருக்கும் எண் 0.0067; ஆகவே திரையில் தாய்க்கும் சேய்க்கும் ஒரே எண் தெரிந்தாலும், சேய் பெற்றது தாய் பெற்றதைப்போல் மூன்று மடங்கு.